நாய்க்குப் புரதம், நமக்குத் தீட்டா?

போன மாதம் தங்கைக்கு வாடகை வீடு தேடி தென்சென்னையில் அலைந்தோம். அவளுக்கு வேலை கிடைத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. தரகர் முதலில் கேட்டது வாடகையைப் பற்றி இல்லை. "நான்வெஜ் சமைப்பீங்களா?" சமைப்போம் என்றேன். "சிக்கன், மீன்னா பேசிப் பாக்கலாம். வேற எதுவும்..." என்று இழுத்தார். அந்த 'வேற எதுவும்' எது என்று இதைப் படிக்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவதாகப் பார்த்த வீடு பிடித்திருந்தது. உரிமையாளர் அம்மா மேல்தளத்தில் இருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே டெலிவரி பையன் ஒரு தெர்மோகோல் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். வேலை செய்கிற அக்கா அதைப் பிரித்து, காற்று உறிஞ்சி ஒட்டிய பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எல்லாம் அவர்கள் வீட்டு லாப்ரடாருக்கு. ஒரு பாக்கெட்டில் 'பீஃப்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. இன்னொன்றில் 'கிரீன் டிரைப்'. "இவனுக்கு ரா டயட்தான். எண்பது பங்கு கறி, பத்து எலும்பு, பத்து உள்ளுறுப்பு. கணக்கு தப்பாது" என்று அந்த அம்மா பெருமையாகச் சொன்னார். தங்கை சும்மா இருக்க மாட்டாள். "ஆன்ட்டி, இது மாட்டுக்கறிதானே?" என்று கேட்டுவிட்டாள். "இது டாகுக்கும்மா" என்று பதில் வந்தது. மறுநாள் தரகர் கூப்பிட்டு, வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றார்.

'டாகுக்கும்மா' என்கிற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ரா டயட் என்பது நாய்க்குச் சமைக்காத இறைச்சி, எலும்பு, ஈரல், சிறுநீரகம், வயிறு ஆகியவற்றைப் பச்சையாகக் கொடுக்கும் முறை. ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயான் பில்லிங்ஹர்ஸ்ட் 1993இல் எழுதிய புத்தகத்திலிருந்து இது உலகம் முழுக்கப் பரவியது. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து 'பார்ஃப்' என்பார்கள். இன்று நம் ஊர் பெருநகரங்களிலும் இதை வீடு தேடிக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

அந்தக் கிரீன் டிரைப் என்ன தெரியுமா? கழுவாத மாட்டு வயிறு. பாதி செரித்த புல்லின் பச்சை நிறம் போகாமல், அதன் நாற்றத்தோடு அப்படியே கொடுக்க வேண்டுமாம். கழுவினால் சத்து போய்விடுமாம். எங்கள் அம்மா அதே வயிற்றைச் சுண்ணாம்பு போட்டுத் தேய்த்து, கொதிநீரில் முக்கி, கத்தியால் சுரண்டி, ஏழெட்டுத் தண்ணீர் மாற்றி அலசி, வெள்ளைத் துணி போல ஆன பிறகுதான் அடுப்பில் ஏற்றுவார். ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க அந்த வேலையிலேயே போகும். அப்படி வெளுத்த வயிற்றைச் சாப்பிட்டவர்களுக்குச் சுத்தமில்லாதவர்கள் என்று பெயர். சாணி வாடையோடு ஃப்ரீசரில் அடுக்கி வைத்திருப்பவர்களுக்கு ஆரோக்கிய விழிப்புணர்வு உள்ளவர்கள் என்று பெயர்.

மாட்டுக்கறிக்கு எதிராக நம் முகத்துக்கு நேரே சொல்லப்படும் காரணங்கள் மூன்று. உயிர் மீது இரக்கம் என்பார்கள். அந்த ஃப்ரீசரில் இருக்கும் மாடு தானாக வந்து படுத்துக்கொள்ளவில்லை. வாடை தாங்காது என்பார்கள். நம் குழம்பு வாடை மாடிப்படி ஏறுகிறது என்று புகார் கொடுக்கிற குடியிருப்பில், பச்சை வயிற்றின் வாடை லிஃப்டில் போகிறது. சுகாதாரம் என்பார்கள். ஒன்றரை மணி நேரம் கொதித்த கறியில் இல்லாத கிருமி, பச்சைக் கறியில்தான் இருக்கிறது. மூன்றையும் கழித்துவிட்டால் மிச்சம் என்ன? சாப்பிடுகிற ஆள். அதாவது நீங்களும் நானும்.

சைவம் உண்ணும் ஒருவர், "எனக்கு வேண்டாம், ஆனால் நாய்க்கு அது தேவை" என்று வாங்கிக் கொடுத்தால் அதில் எனக்குச் சண்டை கிடையாது. தன் கொள்கையை இன்னொரு உயிர் மீது திணிக்காமல் இருப்பது நல்ல பண்புதான். அந்தப் பண்பு கீழ்த்தளத்துக்கு வாடகைக்கு வரும் மனிதர்களிடம் ஏன் செல்லுபடியாவதில்லை என்பதே என் கேள்வி.

சரி, இது நாய்க்காவது நல்லதா? இங்கேதான் இளைஞர்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். ரா டயட்காரர்களின் அடிப்படை வாதம் இது: நாயின் மூதாதை ஓநாய். ஓநாய் பச்சைக் கறி தின்றது. ஆகவே நாயின் பிறப்புக்கு ஏற்ற உணவு அதுதான். 'பார்ஃப்' என்ற பெயரின் விரிவாக்கத்திலேயே 'உயிரியல்படி பொருத்தமான' என்ற சொல் வருகிறது. இந்தத் தர்க்கத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இல்லையா? உன் முன்னோர் எதுவோ நீ அதுவே. உன் ரத்தத்தில் உள்ளதுதான் உன் உணவு, உன் குணம், உன் தொழில். நடுவில் நடந்த ஆயிரக்கணக்கான ஆண்டு வாழ்க்கைக்கு ஒரு மதிப்பும் இல்லை. வருண தர்மத்தை நாய்த் தட்டில் வைத்துத் தருகிறார்கள்.

அறிவியல் வேறு கதை சொல்கிறது. 2013இல் 'நேச்சர்' இதழில் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாய், ஓநாய் மரபணுக்களை ஒப்பிட்டு எழுதினார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு படிகள் இருக்கிறது. நாய்களிடம் நான்கு முதல் முப்பது படிகள் வரை இருக்கிறது. பனிப்பிரதேச ஹஸ்கிக்கும் ஆஸ்திரேலிய டிங்கோவுக்கும் இது குறைவு. பயிர் விளைந்த நிலங்களில் மனிதரோடு வாழ்ந்த நாய்களுக்கு அதிகம் என்று பின்னர் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. மனிதரின் சோற்றையும் கூழையும் எச்சிலையும் தின்றுதான் நாய் நாயானது. நம் தெற்குச் சீமையில் கம்பங்கூழ் குடித்த சிப்பிப்பாறை முயல் பின்னால் ஓடியதைப் பார்த்த தாத்தா எவரிடமும் கேட்டுப் பாருங்கள். அது ஓநாய் வேடம் போட வேண்டிய அவசியம் அந்த நாய்க்கு இருந்ததில்லை.

இன்னொரு விஷயம். ஆங்கிலத்தில் நம் தெருநாய்க்கு என்ன பெயர் வைத்தார்கள்? 'பறையா டாக்'. ஒரு சாதியின் பெயரைத் தூக்கித் தெருநாயின் முதுகில் ஒட்டிவிட்டு, அதை அறிவியல் கட்டுரைகளிலும் நாய்ச் சங்கப் புத்தகங்களிலும் அச்சிட்டார்கள். வெள்ளைக்காரன் இதைச் சொந்தமாக யோசிக்கவில்லை. மனுவின் பத்தாம் அத்தியாயம் சண்டாளருக்கும் ச்வபசருக்கும் ஊருக்கு வெளியே குடியிருப்பு, சொத்தாக நாயும் கழுதையும் என்று முன்னமே எழுதி வைத்திருந்தது. ச்வபசர் என்றாலே 'நாய் சமைப்பவர்' என்று பொருள். நாயோடு சேர்த்து நம்மை ஊருக்கு வெளியே தள்ளினார்கள். இப்போது நாயை மட்டும் உள்ளே கூட்டிக்கொண்டார்கள், அதுவும் வம்சாவளிச் சான்றிதழ் உள்ள நாயை. அந்தப் பழைய பெயர் கொண்ட நாய் இன்னும் கேட்டுக்கு வெளியேதான் நிற்கிறது. ('இண்டீ' என்று பெயரை மாற்றியிருக்கிறார்கள். மாற்றியது நல்லது. ஏன் மாற்ற வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.)

கிருமி விஷயத்துக்கு வருகிறேன், அது யார் தலையில் விடிகிறது என்பதால். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010-12இல் 196 பச்சைக்கறிச் செல்லப்பிராணி உணவு மாதிரிகளைச் சோதித்தது. 15இல் சால்மோனெல்லா, 32இல் லிஸ்டீரியா. 2012இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் பச்சைக் கறி கொடுப்பதை ஊக்குவிப்பதில்லை என்று கொள்கையாகவே அறிவித்தது. ஆபத்து நாய்க்கு மட்டுமில்லை, அதைக் கையால் தொடுகிறவர்களுக்கும் உண்டு. கர்ப்பிணிக்கு லிஸ்டீரியா வந்தால் கரு கலையலாம். அந்த வீட்டில் பாக்கெட்டைப் பிரித்தது யார்? நாய்த் தட்டைக் கழுவியது யார்? தரையைத் துடைத்தது யார்? கையுறை இல்லாமல் நின்ற அந்த அக்காவுக்குத் தனி டம்ளர் வைத்திருந்தார்களா என்று நான் பார்க்கவில்லை. ஆனால் அவர் தொட்டுப் பிரித்த மாட்டுக்கறியை அவர் வீட்டில் சமைத்துக் கொண்டுவந்து அந்தச் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது என்று மட்டும் தெரியும். தீட்டு கறியில் இருந்தால் அவர் கையில் ஒட்டியிருக்க வேண்டுமே!

அறுக்கிறவர், தோலுரிக்கிறவர், வயிற்றைப் பிரித்து எடுக்கிறவர், பாக்கெட் போடுகிறவர், தட்டைக் கழுவுகிறவர். இந்த வரிசையில் பெரும்பாலும் தலித்துகளும் இசுலாமியர்களும்தான். 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காகத்தான் நம் மக்களைக் கட்டி வைத்து அடித்தார்கள். தோல் செருப்பானால் வேண்டும், கறி நாய்த் தட்டுக்கு வந்தால் வேண்டும். அந்த வேலையைச் செய்த உடம்பு மட்டும் வேண்டாம்.

நம் தமிழ்நாடு அப்படி இல்லை என்று சொல்பவர்களுக்கு ஆம்பூரை நினைவூட்டுகிறேன். 2022 மே மாதம், பிரியாணிக்குப் பேர்போன ஊரில் மாவட்ட நிர்வாகமே ஒரு பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டுக்கறி பிரியாணிக்கு மட்டும் அதில் இடமில்லை. நம் அமைப்புகள் எதிர்த்தன. ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் இதைப் பாகுபாடாகக் கருத நேரிடும் என்று ஆட்சியருக்கு நோட்டீஸ் அனுப்பியது. கடைசியில் மழையைக் காரணம் காட்டி விழாவையே தள்ளி வைத்தார்கள். 2018 டிசம்பரில் சென்னை ஐஐடி உணவகத்தில் சைவருக்கும் அசைவருக்கும் தனித்தனி வாசல், தனித்தனி கை கழுவும் இடம் என்று காகிதம் ஒட்டியதும் நம் சென்னையில்தான். அது ஒப்பந்தக்காரர் செய்த வேலை என்று நிர்வாகம் கைகழுவியது.

இனி நம் பக்கத்துக்கு. இப்படி ஒரு சேதி வந்தால் நம் தோழர்கள் உடனே எழுதுவது: "நாய்க்கு இருக்கும் மரியாதைகூட நமக்கு இல்லை." கோபம் புரிகிறது. 1927இல் மகாட் குளத்தில் ஆடு மாடு குடித்த தண்ணீரை நம் மக்கள் தொடக் கூடாது என்றிருந்தபோது, அண்ணல் ஆயிரக்கணக்கானவர்களைத் திரட்டிப் போய்த் தண்ணீரை அள்ளிக் குடித்தார். ஆட்டையும் மாட்டையும் குளத்திலிருந்து விரட்டச் சொல்லவில்லை. நாம் போடும் மீம்களில் அந்த வேறுபாடு காணாமல் போகிறது. போன வாரம் ஒரு மாணவர் குழுவில், "அந்த நாய்க்கு விஷம் வைக்கணும்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தான். இருபது பேர் சிரித்திருந்தார்கள். தம்பி, அந்த லாப்ரடார் யாருக்கும் வீடு மறுக்கவில்லை. அது கேட்டிருந்தால் நம் தங்கையைத்தான் முதலில் உள்ளே விட்டிருக்கும். கால்நடை மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள், தெருநாய்க்குச் சோறு வைக்கும் நம் பெண்கள் சேரிக்குச் சேரி இருக்கிறார்கள். அவர்களையும் சேர்த்து அவமானப்படுத்தாதீர்கள்.

செய்ய வேண்டியது வேறு. விடுதியில், வாடகை வீட்டில், அலுவலக உணவறையில் 'சைவம் மட்டும்' என்று பலகை மாட்டுகிறவர்களிடம் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சுகாதாரம் என்று எழுதினால், குடியிருப்பின் ஃப்ரீசர்களில் பச்சைக் கறிக்கு என்ன விதி என்று கேளுங்கள். வாடை என்றாலும் அதே கேள்விதான். உணர்வு என்று எழுதினால் யாருடைய உணர்வு என்று கேளுங்கள். வாயால் சொல்வதைக் காகிதத்தில் எழுதச் சொன்னாலே பாதிப் பேர் பின்வாங்குவார்கள். எழுதிக் கொடுக்கிற மீதிப் பேரின் காகிதம் நமக்கு வழக்கில் பயன்படும். வீட்டு வேலை செய்யும் அம்மாக்கள் நடுவே வேலை செய்யும் தோழர்கள் இன்னொன்றும் செய்யலாம்: பச்சைக் கறியைக் கையாளச் சொன்னால் கையுறை, சோப்பு, அதற்கான தனிக் கூலி கேட்கச் சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தால் அந்த வேலையை மறுக்கச் சொல்லுங்கள்.

தங்கைக்கு வீடு கிடைத்துவிட்டது. நகரத்துக்குக் கொஞ்சம் வெளியே, ஒரு பாய் வீட்டு மாடி. வாடகை ஆயிரம் ரூபாய் கூடுதல். போன ஞாயிற்றுக்கிழமை பெரிய கறி வாங்கி வந்தாள். அம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்தார். மசாலா போடுவதற்கு முன்னால் வெந்த துண்டு நான்கை எடுத்து, சோற்றில் பிசைந்து, கீழே கேட்டருகே படுத்திருந்த செவலைக்குக் கொண்டுபோய் வைத்தார். எலும்பை வைக்கவில்லை. வெந்த எலும்பு உடைந்து குடலைக் கிழித்துவிடும் என்று அம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்ததில்லை. செவலை முதலில் கறியைத் தின்றது. அப்புறம் சோற்றையும் ஒரு பருக்கை விடாமல் நக்கியது.