கெட்டி ஆயில் ஊத்தினா மட்டும் மலை ஏறிடுமா?

செமஸ்டர் லீவு வந்தாச்சு. ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்பில் மறுபடியும் கொல்லிமலை பிளான் ஓடுது. கூடவே அந்தப் பழைய அட்வைஸும்: "லாங் போறீங்களா? 20டபிள்யூ-50 ஊத்துங்கடா. கெட்டியா இருக்கும், சூடு தாங்கும்."

என் ரூம்மேட் இதைக் கேட்டவன். அவங்க அப்பா பத்து வருஷம் ஓட்டிட்டுக் கொடுத்த 125 சிசி பைக். டிரிப்புக்கு ரெண்டு மாசம் முன்னாடியே கெட்டி ஆயில் ஊத்திட்டு, இனி கவலையில்லைன்னு இருந்துட்டான். காரவள்ளி தாண்டி 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதிகூட வரலை. பின்னாடி நான், முன்னாடி லெக் கார்டில் ரெண்டு பேக். முதலில் இழுவை குறைஞ்சது, அப்புறம் கடகடன்னு ஒரு சத்தம், அதோட நின்னுடுச்சு. குட்டியானையில் ஏத்தித்தான் கீழே இறக்கினோம். மெக்கானிக் டிப்ஸ்டிக்கை எடுத்துக் காட்டினார். நுனியில்கூட ஆயில் இல்லை. எக்ஸாம் ஃபீஸுக்கு வெச்சிருந்த பணம் பிஸ்டனுக்கும் போர் வேலைக்கும் போச்சு.

இன்ஜின் போனது கெட்டி ஆயிலால் இல்லை, ஆயில் தீர்ந்ததால். ஆனா கெட்டி ஆயில் இருக்குங்கிற தைரியத்தில்தான் ரெண்டு மாசமா யாரும் டிப்ஸ்டிக்கைத் தொடவே இல்லை. என் கோபம் அந்தத் தைரியத்து மேலதான்.

நம்ம பசங்களுக்கு அந்த நம்பரைப் படிக்கத் தெரியாதுன்னு சொல்ல மாட்டேன், தெரிஞ்சும் யோசிக்கிறதில்லை. டபிள்யூவுக்கு முன்னாடி இருக்கிறது குளிரில் ஆயில் எப்படி நடந்துக்கும்னு சொல்லுது. 10டபிள்யூவை மைனஸ் 25 டிகிரியில் டெஸ்ட் பண்ணுவாங்க. கொல்லிமலை டிசம்பரில்கூட நமக்கு அந்தக் கவலை இல்லை. பின்னாடி இருக்கிற நம்பர், 100 டிகிரியில் ஆயில் எவ்வளவு கெட்டியா இருக்கும்னு சொல்றது. 30 கிரேடு அங்கே 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ், 50 கிரேடு 16.3 முதல் 21.9 வரை. பல 100, 125 சிசி வண்டிகளோட பேரிங் இடைவெளி, ஆயில் பம்ப் எல்லாம் 10டபிள்யூ-30க்குக் கணக்குப் போட்டு வடிவமைச்சது. அதில் 50 ஊத்தினா, அந்தக் கெட்டித் திரவத்தைக் கலக்கவே இன்ஜின் கூடுதலா உழைக்கணும். அந்த உழைப்பும் சூடாத்தான் மாறும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் விஸ்காஸ் ஷியர்னு படிச்சு மார்க் வாங்கினோமே, அதேதான்.

புல்லட் அண்ணன்கள் கோபப்பட வேண்டாம். 350க்குக் கம்பெனியே 15டபிள்யூ-50 சொல்லியிருக்கு, அது உங்க வண்டிக்குச் சரி. தேய்ஞ்ச இன்ஜினில் கெட்டி ஆயில் புகையைக் கொஞ்சம் குறைக்கும்னும் ஒத்துக்கிறேன். ஆனா அது தேய்மானத்தைச் சரி பண்ணாது. மேனுவலில் என்ன போட்டிருக்கோ அதை ஊத்துங்க. கியர் பைக்னா டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 இருக்கான்னு பாருங்க. கிளட்ச் அந்த ஆயிலிலேயே நனைஞ்சு ஓடுது. கார் ஆயிலை ஊத்தினா வழுக்க ஆரம்பிக்கலாம். எம்பி ஸ்கூட்டருக்கானது.

சூட்டுக்கு வருவோம். ஏர் கூல்டு வண்டியில் பிஸ்டனோட சூட்டை வாங்கி வெளியே கொண்டு வர்றதில் ஆயிலுக்கும் பங்கு உண்டு. மொத்தமே சுமார் ஒரு லிட்டர். அதில் 300 மில்லி எரிஞ்சு போச்சுன்னா, மீதி 700 மில்லிதான் அதே சூட்டைச் சுமக்கணும். அதிக சூட்டில் ஆயில் சீக்கிரம் கெடும். 10 டிகிரி கூடினா ஆக்சிடேஷன் வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆகும்னு ஒரு தோராயக் கணக்கு உண்டு. அளவுக்கு மேல ஊத்தினாலும் வம்புதான், நுரைச்சிடும்.

மலையில் இன்னொரு கஷ்டம். வேகம் 20, கியர் ரெண்டாவது. சூடு நிறைய, காத்து கம்மி. இதில் நாம லெக் கார்டில் பேக்கைக் கட்டி, ஃபின்னுக்கு வர்ற கொஞ்சநஞ்சக் காத்தையும் மறைச்சிருந்தோம். பேக் பின் சீட்டுக்குப் போகணும், ஃபின்னில் ஒட்டின சேறு போகணும். கியர் குறைக்கச் சோம்பல்பட்டு மூணாவதில் திணறத் திணற ஏத்தாதீங்க. பத்துப் பதினைந்து வளைவுக்கு ஒரு தடவை ஓரமா நிறுத்தி ஆஃப் பண்ணுங்க. ஃபேன் இல்லாத ஏர் கூல்டு வண்டியை ஐடிலில் ஓடவிட்டா ஆறாது. சூடான இன்ஜினில் தண்ணி ஊத்துற வீரர்களும் நம்ம கேங்கில் உண்டு. மெட்டல் திடீர்னு சுருங்கினா விரிசல் விடலாம், ஆளை விடுங்க.

டிரிப்புக்கு முந்தின ராத்திரி ஆயில் மாத்துறதும் எனக்குப் பிடிக்காது. ஒரு வாரம் முன்னாடி மாத்தி, நூறு கிலோமீட்டர் ஓட்டி, டிரெயின் போல்ட்டில் கசிவு இருக்கான்னு பாருங்க.

இந்தத் தடவை ரூம்மேட் பைக்கும் வருது. அதே 10டபிள்யூ-30, பையில் ஒரு சின்ன பாட்டில் எக்ஸ்ட்ரா. காரவள்ளியில் டீ குடிக்க நிறுத்தும்போது டிப்ஸ்டிக் பார்க்கிற வேலையை அவன் என்கிட்ட கொடுத்திருக்கான். டீ காசு அவனோடது.