விளம்பரத்தின் பெயரால் விற்கப்படும் நடமாட்டம்

தொழுகை நேரம் அறியவோ வானிலை பார்க்கவோ கைத்தொலைபேசியில் ஒரு செயலியை இறக்குகிறோம். இருப்பிடத்தை அறிய அது அனுமதி கேட்கிறது, அவசரத்தில் சம்மதித்துவிடுகிறோம். அதன்பின் எவர் கையும் படாமலே, நாம் நின்ற இடமும் நேரமும் விளம்பர அடையாள இலக்கமொன்றுடன் தரவுத் தரகர்களைச் சென்றடையக்கூடும். கடைக்கு அருகே செல்பவருக்கு அக்கடையின் விளம்பரத்தைக் காட்டவே இந்த ஏற்பாடு என்றார்கள்.

வாங்குபவர் வணிகர் மட்டுமல்லர். அமெரிக்கக் குடிவரவு அதிகாரிகளும் எல்லைக் காவலரும் வென்ரெல் நிறுவனத்திடமிருந்து இத்தரவுகளை வாங்கியமை 2020 பெப்ரவரியில் அம்பலமாயிற்று. தொலைபேசி நிறுவனங்களிடமுள்ள இருப்பிடப் பதிவுகளைப் பெற நீதிமன்ற ஆணை வேண்டுமென அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2018 இலேயே தீர்ப்பளித்திருந்தது. சந்தையில் விலைக்கு வாங்குவதை அத்தீர்ப்புக் கட்டுப்படுத்தாது என்பது அதிகாரிகளின் வாதம். படலை பூட்டியிருக்க, வேலிப் பொட்டால் நுழைந்த கதைதான்.

பெயர் இல்லை, இலக்கம் மட்டுமே என்று சமாதானம் கூறுகிறார்கள். இரவில் ஒரே வீட்டிலும் பகலில் ஒரே உணவகச் சமையலறையிலும் காணப்படும் இலக்கத்துக்கு உரியவரைக் கண்டறிவது பெரிய வேலையா? புகலிட மனு நிராகரிக்கப்பட்டு மேன்முறையீட்டில் காத்திருப்பவருக்கு இக்கேள்வி ஏட்டுச் சுரைக்காய் அன்று.

2024 இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு, எக்ஸ்-மோட் என்னும் தரகு நிறுவனத்துக்கு எதிராக ஓர் ஆணை பிறப்பித்தது. தரவு விற்கக்கூடாத இடங்களாக மருத்துவ நிலையங்கள், வழிபாட்டிடங்களுடன் அகதிகளுக்கு உதவும் நிலையங்களும் அதில் குறிப்பிடப்பட்டன. ஆயினும் அவ்வாணை அந்நிறுவனத்தை மாத்திரமே கட்டுப்படுத்தும். நமது தொலைபேசியிலுள்ள அனுமதிகளை இன்றிரவே ஒவ்வொன்றாகப் பார்த்து, வேண்டாதவற்றை நிறுத்திவிடலாம்.