குட்டி நாய் ஆட்டைக் கடித்தால்…

கேள்வி: "எங்களுக்கு மீமிசல் பக்கம். பதினாலு வெள்ளாடு வைத்திருக்கிறோம். ராத்திரி நரிக்கும் தெருநாய்க்கும் காவலாக இருக்கட்டும் என்று ஒரு நாட்டு நாய்க்குட்டியை வாங்கி வந்தோம். இப்போது எட்டு மாதம். செருப்பில் ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடும். கொடியில் காயும் வேட்டியை இழுத்துப் போடும். கடற்கரைக்குப் போனால் நண்டு வளையைத் தோண்டி, மூக்கில் கடி வாங்கிக்கொண்டு வரும். அதுவரை சிரித்தோம். போன வாரம் ஆட்டுக்குட்டி ஒன்றைத் துரத்திக் காதைக் கிழித்துவிட்டது. 'ரத்த ருசி கண்ட நாய் திருந்தாது. சாக்கில் கட்டித் தூரத்தில் விட்டுட்டு வாங்க' என்கிறார் மாமனார். பிள்ளைகள் அழுகிறார்கள். என்ன செய்வது ஐயா?"

பதில்: அம்மா, நாயை விட்டுவிட வேண்டாம். மாமனார் பயப்படுவதில் நியாயம் உண்டு. ஆடுதான் உங்கள் வீட்டுச் சேமிப்பு. ஆனால் எட்டு மாத நாய் மனிதரில் விடலைப் பையன் மாதிரி. உடம்பு வளர்ந்திருக்கும், புத்தி வந்திருக்காது. ஓடுவது எதுவாக இருந்தாலும் துரத்தத் தோன்றும்.

முதலில் அவசர வேலை. குட்டியின் காதைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். ஈ மொய்த்துப் புழு வைக்காதபடி கால்நடை மருந்தகத்தில் மருந்து வாங்கிப் போடுங்கள். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்றா? போடவில்லை என்றால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். கடித்த நாளிலிருந்து 10 நாள் நாயைக் கட்டிவைத்துக் கவனிக்கச் சொல்வார். பிள்ளைகளை அது விளையாட்டாகப் பிறாண்டியிருந்தாலும் உடனே 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். வெறிநோய் வந்த பிறகு மருந்து இல்லை.

அடுத்தது, அது விளையாட்டா வேட்டையா என்று பாருங்கள். முன்னங்காலைத் தாழ்த்தி, வாலை ஆட்டிக்கொண்டு துரத்தி, ஆடு நின்றதும் தானும் நின்றால் விளையாட்டு. சத்தமில்லாமல் பதுங்கிப் போய்க் கழுத்தைப் பிடித்தால் வேட்டை. காதையும் வாலையும் கவ்வுவது பெரும்பாலும் விளையாட்டுதான். ஆனால் ஆட்டுக்குட்டிக்கு அந்த விளையாட்டே உயிருக்கு ஆபத்து.

நம் சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடுவதைத் துரத்திப் பிடிக்கும் வேட்டை நாய்கள். கோம்பையும் ராஜபாளையமும் காவலுக்குப் பேர் போனவை. நாட்டு நாயில் எந்தக் குணம் தூக்கலாக இருக்கும் என்று குட்டியிலேயே சொல்ல முடியாது. அமெரிக்காவில் 1970களில் ரேமண்ட் காப்பிங்கர் என்ற உயிரியல் அறிஞர், ஐரோப்பாவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் காவல் நாய்க்குட்டிகளைக் கொண்டுவந்து ஆட்டுப் பண்ணைகளில் விட்டு ஆராய்ந்தார். பிறந்த நான்கு மாதத்துக்குள் ஆட்டோடு சேர்ந்து வளர்ந்த நாய்தான் ஆட்டைத் தன் கூட்டமாக நினைக்கிறது என்று கண்டார். அப்படி வளர்ந்ததும் விடலைப் பருவத்தில் குட்டிகளோடு முரட்டுத்தனமாக விளையாடும். அந்தக் காலத்தை மேய்ப்பவர் பொறுமையாகக் கடத்திவிட வேண்டும். உங்கள் நாய் வீட்டு முற்றத்தில், பிள்ளைகளோடும் செருப்போடும் வளர்ந்திருக்கிறது. அதனால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பாடுபட வேண்டும்.

மூன்று மாதம் இப்படிச் செய்யுங்கள்:

1. ஆட்டுக்குட்டிகளோடு நாயைத் தனியாக விடவே கூடாது. ராத்திரி பட்டிக்கு வெளியே, ஆட்டின் வாசம் படுகிற இடத்தில் கட்டுங்கள்.

2. பகலில் கொஞ்ச நேரம், முட்டத் தெரிந்த ஒரு கிடாவோடோ வயதான தாய் ஆட்டோடோ விடுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். இரண்டு முட்டு வாங்கினால் மரியாதை தானாக வரும்.

3. அறுத்த வயலில் மேய்க்கும்போது நீளக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போங்கள். துரத்தக் குனிந்த நொடியில் "ஏய்" என்று ஒரே அதட்டல், கயிற்றை ஒரு இழுப்பு. ஆட்டின் பக்கம் சும்மா படுத்திருந்தால் தடவிக் கொடுத்து ஒரு வாய் சோறு. துரத்தி முடித்துத் திரும்பி வந்த பிறகு அடிக்காதீர்கள். எதற்கு அடி என்று அதற்குப் புரியாது. கூப்பிட்டால் வராமல் போவதுதான் மிச்சம்.

4. ஓட்டத்தை அடக்க, மாட்டுக்குக் கட்டுவது போலச் சின்னத் தொண்டுக்கட்டை கட்டலாம். நடந்தால் இடிக்காமல், ஓடினால் முன்னங்காலில் தட்டும் உயரத்தில் தொங்கட்டும். ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கட்டுங்கள். கருவேல முள்ளில் மாட்டிக்கொள்ளும்.

5. இரண்டு வேளை வயிறு நிறையச் சோறு, நிறைய ஓட்டம். காலையில் பையன் கடற்கரை வரை கூட்டிப் போய் வரட்டும். நண்டு வளை தோண்டிக் களைத்த நாய்க்கு ஆட்டைத் துரத்தத் தெம்பு இருக்காது.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் ஆடுகளுக்கு அதன் பல்லைவிட அதன் வயிறுதான் பெரிய ஆபத்து. ஆடு வெட்டும் இடத்தில் தலை, குடல், ஈரலை நாய்க்குப் பச்சையாக வீசுகிறோம். நீர்க்கட்டி உள்ள ஆட்டு மூளையைத் தின்ற நாயின் குடலில் நாடாப்புழு வளரும். அதன் முட்டை சாணத்தோடு புல்லில் விழும். மேயும் ஆடு அதைத் தின்றால், சில மாதம் கழித்து மூளையில் கட்டி வளரும். ஆடு தலையைச் சாய்த்து ஒரே பக்கமாகச் சுற்றும், கூட்டத்தைவிட்டு ஒதுங்கும், கடைசியில் விழுந்துவிடும். "காத்துச் சேட்டை" என்று மந்திரிக்கப் போவோம், காரணம் வாசலில் படுத்திருக்கும். இன்னொரு வகை நாடாப்புழுவின் முட்டை மனிதர் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி உண்டாக்கும். நாயோடு உருண்டு விளையாடிவிட்டு, கை கழுவாமல் சாப்பிடும் பிள்ளைகளுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம்.

ஆகவே பச்சைக் கழிவு எதையும் நாய்க்குப் போடாதீர்கள். இறைச்சியோ மீனோ, வேகவைத்து முள் நீக்கிக் கொடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எடைக்கு ஏற்ற அளவில் நாடாப்புழு மருந்து கேட்டு வாங்கிக் கொடுங்கள். பிராசிகுவான்டல் சேர்ந்த மருந்தா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெறிநோய் ஊசி ஆண்டுதோறும் தவறக்கூடாது.

மாமனாரிடம் இதைச் சொல்லுங்கள். நாயைப் பட்டினி கிடக்கும்படி விட்டுவிட்டு வருவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதைவிட, விட்டுவந்த நாய் பசியில் வேறு நாய்களோடு கூட்டம் சேர்ந்து இன்னொருவர் பட்டியில்தான் நுழையும். அப்படிப்பட்ட கூட்டங்களிடம் ஆடு பறிகொடுத்துத்தான் திருப்பூர், ஈரோடு மாவட்ட விவசாயிகள் 2025இல் தெருவில் இறங்கிப் போராடினார்கள்.

மூன்று மாதம் கழித்தும் கழுத்தைப் பிடிக்கப் பார்த்தால், அது பட்டிக்கு ஆகாத நாய் என்று ஒப்புக்கொள்ளுங்கள். அப்போதும் ஆடு இல்லாத தோப்புக்கோ வீட்டுக்கோ காவலாகக் கொடுத்துவிடலாம். அதுவரை செருப்பை மட்டும் உயரத்தில் மாட்டி வையுங்கள்.