பெயர்ந்த கல்லின் இரண்டு முகவரிகள்

ஆர்மீனிய மொழியில் 'கச்' என்றால் சிலுவை, 'கார்' என்றால் கல். ஆளுயரப் பலகைக்கல்லின் நடுவே சிலுவையும் சுற்றிலும் கொடிப்பின்னலும் செதுக்கி, பெரும்பாலும் இறந்தோரின் ஆன்ம ஈடேற்றத்துக்காக 9ஆம் நூற்றாண்டு முதல் நாட்டப்பட்டுவரும் இந்தக் கச்கார்களைத் தமிழ் வாசகர் நடுகற்களின் தூரத்து உறவாக எண்ணிக்கொள்ளலாம். இக்கலையை யுனெஸ்கோ 2010இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, 2005 டிசம்பரில், அராஸ் ஆற்றங்கரையில் ஆர்மீனியர் வாழ்ந்த பழைய ஜுல்ஃபா என்னும் ஊரின் இடுகாட்டில் எஞ்சி நின்ற கச்கார்கள் சம்மட்டியால் உடைக்கப்பட்டன. அவ்விடுகாட்டை அறிய இன்று பெருந்துணையாக இருப்பவை, சோவியத் ஆட்சிக்காலத்தில் ஆய்வாளர் அர்காம் அய்வஸ்யான் எடுத்துச் சேர்த்த ஒளிப்படங்கள்.

சிங்கப்பூருக்கும் ஜுல்ஃபாவுக்கும் உறவு உண்டு. பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் 1604-05இல் அவ்வூர் மக்களைப் பெயர்த்து இஸ்பஹானை ஒட்டிக் குடியமர்த்த, அங்கு எழுந்த புதிய ஜுல்ஃபாவிலிருந்து ஆர்மீனிய வணிகர் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் பின்னர் சிங்கப்பூருக்கும் பரவினர்; 1887இல் ராஃபிள்ஸ் ஹோட்டலைத் தொடங்கிய சார்க்கிஸ் சகோதரர்கள் அங்கே பிறந்தவர்களே. எண்ணிக்கையில் மிகச் சிறிய இச்சமூகம் கட்டடக்கலைஞர் ஜார்ஜ் கோல்மனைக் கொண்டு 1835இல் ஹில் ஸ்திரீட்டில் கட்டிய தேவாலயத்தின் தோட்டத்தில் ஆர்மீனியரின் கல்லறைக் கற்கள் நிற்கின்றன. அவற்றின் அடியில் உடல்கள் இல்லை. வேறு இடத்து இடுகாட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட கற்கள் அவை.

இத்தகைய கற்களுக்கு ஒரு திறந்த தரவுத்தொகுப்பு, அதாவது எவரும் தடையின்றி எடுத்துப் பயன்படுத்தத்தக்க ஒழுங்குபடுத்திய பதிவு, உருவாக்கும்போது, படத்தோடு நின்றுவிடுவது போதாது. கல் இப்போது நிற்கும் இடத்துக்கு ஒரு கட்டமும் முன்பு நின்ற இடத்துக்கு இன்னொரு கட்டமும் வேண்டும். இல்லையேல் நினைவுத்தோட்டமே கல்லறை என்று பிற்காலத்தவர் கொள்வர். பெயரும் ஒற்றைக் கட்டத்தில் அடங்காது. சிங்கப்பூரின் தேசிய மலராக 1981இல் அறிவிக்கப்பட்ட வாண்டா மிஸ் ஜோக்கிம் ஆர்க்கிட்டை உருவாக்கி 1899இல் மறைந்த ஆக்னஸ் ஜோக்கிமின் கல்லும் அத்தோட்டத்தில் உள்ளது. ஆர்மீனிய வழக்கில் அவர் அஷ்கென் ஹோவாக்கிமியான். இரண்டும் ஒருவரே எனப் பதிவில் இணைக்காவிட்டால், ஒரு பெயரில் தேடுபவருக்கு மற்றது கிட்டாது. படம் எடுத்த வேளையையும் குறிக்கவேண்டும். சாய்வெயிலில் நிழல் விழுந்து துலங்கும் தேய்ந்த எழுத்து, சிங்கப்பூரின் உச்சிவெயிலில் வெறும் பரப்பாகிவிடும்.

படியெடுத்தலின் அருமை தமிழருக்குப் புதிதன்று. ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் அடித்துப் படியவைத்து, மை ஒற்றி எடுக்கும் மைப்படிகளால்தான் தமிழ்க் கல்வெட்டுகள் அச்சேறின. ஆனால் அப்படிகள் நெடுங்காலம் மைசூரில் இருந்தன. அவற்றைச் சென்னைக்கு மாற்ற 2021 ஆகஸ்டில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிடவேண்டி வந்தது. கல்லைப் படியெடுத்தவர்கள் படியைப் பொதுவில் வைக்கவில்லை என்பதே அங்கு நேர்ந்த குறை; இணையக் காலத்திலும், பதிவிறக்க இயலாத படக்காட்சியகம் அதே பூட்டிய அறைதான்.

சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையைத் தொடர்ந்து வடக்கே சென்றால் வரும் பிடாடரியில் கிறிஸ்தவர், முஸ்லிம்கள், இந்துக்கள் ஆகியோருக்குத் தனித்தனிப் பகுதிகளோடு ஓர் இடுகாடு இருந்தது; வீடமைப்புக்காக 2001 முதல் 2006 வரை கல்லறைகள் தோண்டி அகற்றப்பட்டன. ஆர்மீனியக் கற்களுக்கு வகுக்கும் கட்டங்களே, தந்தை பெயரின் முதலெழுத்தோடும் எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளோடும் வரும் தமிழ்ப் பெயர்களுக்கும் அப்படியே பொருந்தும். பிடாடரியில் இருந்த தமிழர் கற்களின் படங்கள் இன்னும் குடும்பங்களின் பழைய ஆல்பங்களில் இருக்கக்கூடும். தொகுப்பைத் தொடங்க உகந்த இடம் அந்த ஆல்பங்களே.