சுஷில் குமார்: 2 ஒலிம்பிக் பதக்கம், 1 கொலை வழக்கு - சம்பாதித்த புகழே எதிராகத் திரும்பியது எப்படி?

2021 ஜூலை. டோக்கியோ ஒலிம்பிக் தொடங்கவிருந்த நேரம். டெல்லி திகார் சிறையில் இருந்த விசாரணைக் கைதி ஒருவர், மல்யுத்தப் போட்டிகளைப் பார்க்க டிவி வேண்டும் என்று கேட்டார். சிறை நிர்வாகமும் ஓகே சொன்னது. அவர் இருந்த வார்டின் பொது இடத்தில் டிவி வைக்கப்பட்டது.

கேட்டவர் சுஷில் குமார். ஒன்பது வருடத்துக்கு முன் லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் இந்தியக் கொடியை ஏந்தி முன்னால் நடந்தவர்.

அந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ரவி தாஹியா வெள்ளி வென்றார். ரவி தாஹியா வளர்ந்தது டெல்லி சத்ரசால் ஸ்டேடியத்தில். சுஷில் வளர்ந்ததும் அங்கேதான். சுஷிலைச் சிறைக்கு அனுப்பிய சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படுவதும் அதே ஸ்டேடியத்தில்தான்.

சுஷில் குமார் ஏன் அவ்வளவு பெரிய ஆள்?

கிரிக்கெட் மட்டுமே பார்ப்பவர்களுக்கு இது சட்டென்று புரியாது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் கே.டி.ஜாதவ் வெண்கலம் வென்ற பிறகு, இந்திய மல்யுத்தத்துக்கு 56 வருடம் ஒலிம்பிக் பதக்கமே கிடையாது. 2008 பெய்ஜிங்கில் அந்தக் காத்திருப்பை முடித்து வைத்தவர் சுஷில்.

அதுவும் எப்படி? முதல் சுற்றிலேயே உக்ரைன் வீரரிடம் தோற்றுவிட்டார். கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால், தோற்கடித்தவர் இறுதிப் போட்டிக்குப் போனால் அவரிடம் தோற்றவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு என்பது மல்யுத்த விதி. அந்த வாய்ப்பில் அதே நாளில் அமெரிக்கா, பெலாரஸ், கஜகஸ்தான் வீரர்களை அடுத்தடுத்து வீழ்த்தி வெண்கலத்தோடு திரும்பினார்.

2010-ல் மாஸ்கோவில் உலக சாம்பியன். அந்தப் பட்டத்தை வென்ற ஒரே இந்திய மல்யுத்த வீரர் அவர்தான். 2012 லண்டனில் வெள்ளி. சுதந்திர இந்தியாவில் தனிநபர் பிரிவில் இரண்டு ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் ஆள். பி.வி.சிந்து, நீரஜ் சோப்ரா எல்லாம் அந்த வரிசைக்குப் பிறகு வந்தவர்கள். காமன்வெல்த்தில் மூன்று தங்கம், கேல் ரத்னா, பத்மஸ்ரீ என்று பட்டியல் நீளம்.

டெல்லியின் பாப்ரோலா கிராமத்து பஸ் டிரைவரின் மகன் 14 வயதில் சத்ரசாலுக்கு வந்து இவ்வளவும் செய்தார். அதைப் பார்த்துத்தான் டெல்லி, ஹரியானா கிராமங்களில் இருந்து சிறுவர்கள் அங்கே வந்து குவிந்தார்கள். சுஷிலின் குரு சத்பால் சிங், 1982 ஆசியப் போட்டி தங்கப் பதக்க வீரர். பின்னாளில் சுஷில் அவருக்கு மருமகனும் ஆனார். வடக்கு ரயில்வே அதிகாரியான சுஷில், டெல்லி அரசுப் பணிக்கு மாற்றப்பட்டு சத்ரசால் ஸ்டேடியத்தின் சிறப்பு அதிகாரியாகவும் இருந்தார். ஆக, அந்த இடத்தில் மாணவனாக நுழைந்தவரே பிறகு அதன் அதிகாரமும் ஆனார்.

பதக்கம் தந்த செல்வாக்கு

அந்தச் செல்வாக்கு எவ்வளவு என்பதற்கு 2017 நவம்பரில் இந்தூரில் நடந்த தேசிய சாம்பியன்ஷிப்பைப் பார்த்தால் போதும். மூன்று வருட இடைவெளிக்குப் பிறகு சுஷில் களத்துக்குத் திரும்பிய போட்டி அது. காலிறுதி, அரையிறுதி, இறுதி என மூன்றிலும் எதிரே வந்தவர்கள் மோதாமலேயே விலகிக்கொண்டார்கள். இறுதியில் மோதாமலேயே தங்கம்! மூத்தவர் மீதான மரியாதை என்றார்கள் சிலர். தேசியப் போட்டியின் இறுதியில்கூட ஒருவர் மோதாமல் ஒதுங்குகிறார் என்றால், அதை மரியாதை என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியுமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது.

அடுத்த மாதமே டெல்லியில் நடந்த காமன்வெல்த் தகுதிப் போட்டியில், சுஷிலின் ஆதரவாளர்களுக்கும் பிரவீன் ராணாவின் ஆதரவாளர்களுக்கும் அடிதடி ஆனது. போலீஸ் வழக்கு வரை போனது. அதற்கு முன் 2016-ல், ரியோ ஒலிம்பிக் இடத்துக்காக நர்சிங் யாதவுடன் தகுதிப் போட்டி வேண்டும் என்று கேட்டு டெல்லி உயர் நீதிமன்றம் வரை போயிருந்தார் சுஷில். அது கிடைக்கவில்லை.

இவற்றுக்கும் கொலை வழக்குக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் பின்னாளில் நீதிமன்றம் 'செல்வாக்கு' என்று சொன்னபோது மல்யுத்த வட்டாரத்தில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாததற்குக் காரணம் இவைதான்.

2021 மே 4 இரவு என்ன நடந்தது?

போலீஸ் தரப்பு சொல்வது இது: டெல்லி மாடல் டவுனில் உள்ள ஒரு பிளாட் தொடர்பாகத் தகராறு இருந்தது. அதன் தொடர்ச்சியாக, ஜூனியர் பிரிவில் தேசிய சாம்பியனாக இருந்த சாகர் தன்கரும் அவரது நண்பர்களும் சத்ரசால் ஸ்டேடியத்துக்குக் கொண்டுவரப்பட்டு, பார்க்கிங் பகுதியில் கடுமையாகத் தாக்கப்பட்டார்கள். சாகர் உயிரிழந்தார். அவருக்கு 23 வயது.

தலைமறைவான சுஷிலைப் பற்றித் துப்பு கொடுத்தால் 1 லட்சம் ரூபாய் என்று அறிவித்தது டெல்லி போலீஸ். பல மாநிலங்களில் தேடல் நடந்தது. மே 23 அன்று டெல்லி முண்ட்கா பகுதியில் அவர் பிடிபட்டார். ரயில்வே அவரை சஸ்பெண்ட் செய்தது. தாக்குதலைக் காட்டுவதாகச் சொல்லப்படும் செல்போன் வீடியோவும் வழக்கில் ஒரு ஆதாரம்.

2022 அக்டோபரில் டெல்லி ரோகிணி நீதிமன்றம் சுஷில் உட்பட 18 பேர் மீது கொலை, கொலை முயற்சி, கலவரம், கூட்டுச்சதி உள்ளிட்ட பிரிவுகளில் குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தது. சுஷில் தரப்பு எல்லாவற்றையும் மறுக்கிறது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: குற்றச்சாட்டு பதிவு என்றால் விசாரணை தொடங்குகிறது என்றுதான் அர்த்தம், தண்டனை இல்லை. சோஷியல் மீடியாவில் இவரைக் 'கொலைகாரன்' என்று எழுதுபவர்கள் தீர்ப்பைத் தாங்களே எழுதிவிடுகிறார்கள்.

ஜாமீன் வந்ததும் போனதும்

2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் சுஷிலுக்கு ஜாமீன் கொடுத்தது. காரணம் எளிமையானது. மூன்றரை வருடத்துக்கு மேல் சிறையில் இருக்கிறார்; சாட்சிப் பட்டியலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இருக்க, விசாரித்து முடித்தது சுமார் 30 பேரைத்தான். இந்த வேகத்தில் போனால் வழக்கு எப்போது முடியும்? தண்டனை வராமலேயே ஒருவரை எத்தனை வருடம் உள்ளே வைக்க முடியும்? இந்தியச் சிறைகளில் பெயர் தெரியாமல் அடைந்து கிடக்கும் பல விசாரணைக் கைதிகளுக்கும் பொருந்தும் கேள்விதான் இது.

சாகரின் தந்தை விடவில்லை. உச்ச நீதிமன்றம் போனார். சுஷில் இடைக்கால ஜாமீனில் வெளியே வந்த காலங்களில் சாட்சிகள் மிரட்டப்பட்டார்கள், முக்கிய சாட்சிகள் பலர் பிறழ் சாட்சி ஆகிவிட்டார்கள் என்பது அவர் தரப்பு வாதம். பிறழ் சாட்சி என்றால், போலீசிடம் முன்பு சொன்னதைக் கோர்ட்டில் மறுத்துப் பேசுபவர்.

2025 ஆகஸ்ட் 13 அன்று உச்ச நீதிமன்றம் ஜாமீனை ரத்து செய்து, ஒரு வாரத்துக்குள் சரணடையச் சொன்னது. அந்த உத்தரவில்தான் இந்த வழக்கின் மையமே இருக்கிறது. சுஷில் நாட்டுக்காக ஆடிய ஒலிம்பிக் வீரர் என்பதை நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால், அதனாலேயே அவருக்குச் சமூகத்தில் செல்வாக்கு இருக்கிறது என்றும், அப்படிப்பட்டவர் சாட்சிகள் மீது ஆதிக்கம் செலுத்த மாட்டார் என்று சொல்லிவிட முடியாது என்றும் கூறினார்கள். வழக்கமாக 'நாட்டுக்குப் பெருமை சேர்த்தவர்' என்பது ஜாமீன் கேட்கும்போது வக்கீல் எடுத்து வைக்கும் பாயிண்ட். இங்கே அதுவே ஜாமீன் போவதற்கான காரணங்களில் ஒன்றாகிவிட்டது.

மறுநாளே, ரேணுகாசுவாமி கொலை வழக்கில் கன்னட நடிகர் தர்ஷனின் ஜாமீனையும் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது குறிப்பிடத்தக்கது.

பதக்கங்கள் என்ன ஆகும்?

பலரும் கேட்பது இதுதான். ஒலிம்பிக் பதக்கங்கள் போகாது. அவை பறிக்கப்படுவது ஊக்கமருந்து போன்ற விளையாட்டு விதிமீறல்களுக்குத்தான். களத்துக்கு வெளியே நடந்த குற்றம் நிரூபணமானாலும் 2008-ம் 2012-ம் அப்படியேதான் இருக்கும். பத்மஸ்ரீயை ரத்து செய்ய குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் உண்டு.

சத்ரசாலும் நிற்கவில்லை. 2024 பாரிஸில் வெண்கலம் வென்ற அமன் செராவத்தும் அங்கே பயிற்சி பெற்றவர்தான். சிறுவனாக அந்த ஸ்டேடியத்துக்கு வந்தபோது அவருக்கு முன்னுதாரணம் சுஷில். தான் ஜெயித்தபோது சுஷில் ஜெயிலில் இருந்தார்.

இனி எல்லாமே ரோகிணி நீதிமன்றத்தில் மீதமிருக்கும் சாட்சிகளைப் பொறுத்தது. அவர்கள் முன்பு சொன்னதில் உறுதியாக நிற்பார்களா என்பதில்தான் சுஷிலின் எதிர்காலமும், நான்கு வருடத்துக்கு மேலாகக் கோர்ட் படி ஏறும் சாகரின் தந்தை கேட்கும் பதிலும் அடங்கியிருக்கின்றன.