சாமுவேலுக்குச் சொன்னதைப் பெண்பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள்

"பொண்ணு கொஞ்சம் கறுப்புதான், ஆனா நல்லா ஜெபிக்கிற பொண்ணு." தென்மாவட்டக் கிறிஸ்தவக் குடும்பங்களின் கல்யாணப் பேச்சில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. தரகர் சொல்வார். பெற்றவர்களே சொல்வார்கள். சில சமயம் போதகரே சிபாரிசாகச் சொல்வார். காதுக்குப் பக்தியாகக் கேட்கிறது, நடப்பது பேரம். நிறத்தில் குறைந்ததை ஜெபத்தால் ஈடுகட்டப் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் அதிலும் திருப்தியடையவில்லை என்றால் பத்துப் பவுன் கூடும்.

உள்ளழகே மெய்யான அழகு என்பது நம் சபைகளில் யாரும் மறுக்காத போதனை. நானும் மறுக்க வரவில்லை. அது யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்பதில்தான் என் சண்டை. பெண்கள் ஐக்கியத்தில் சொல்கிறார்கள், வாலிபப் பெண்கள் முகாமில் சொல்கிறார்கள், திருமண ஆராதனையில் மணமகளின் முகத்துக்கு நேராகச் சொல்கிறார்கள். கறுத்தவளுக்கு அது ஆறுதல், சிவத்தவளுக்கு எச்சரிக்கை. பெண் பார்க்கக் கிளம்பும் குடும்பத்தை வாசலில் நிறுத்தி யாராவது இதைப் பிரசங்கித்ததுண்டா? மாப்பிள்ளையின் அம்மாவிடம்?

இந்தப் போதனைக்கு எல்லோரும் முதலில் திருப்புகிற பக்கம் 1 சாமுவேல் 16. கதை தெரிந்ததுதான். புது ராஜாவை அபிஷேகம் பண்ணத் தைலக் கொம்போடு பெத்லகேமுக்குப் போகிறார் தீர்க்கதரிசி சாமுவேல். ஈசாயின் மூத்த மகன் எலியாப் வந்து நிற்கிறான். உயரமும் முகவெட்டும் பார்த்த மாத்திரத்தில், இவன்தான் ராஜா என்று முடிவுகட்டிவிடுகிறார். அங்கேதான் கர்த்தர் குறுக்கிடுகிறார்: தோற்றத்தைப் பார்க்காதே, நான் பார்ப்பது இருதயத்தை.

இங்கே திட்டு வாங்கியது யார்? எலியாப் இல்லை. குள்ளமான, அழகில்லாத எந்தப் பையனுக்கும் அங்கே ஆறுதல் சொல்லப்படவும் இல்லை. திட்டு வாங்கியது தீர்க்கதரிசி. சிறுவயது முதல் ஆலயத்தில் வளர்ந்த முதியவர். ஜனங்கள் எல்லோரையும்விடத் தோளுக்கு மேலே உயர்ந்து நின்ற சவுலை அபிஷேகம் பண்ணி, அந்த ஆட்சி கண்ணெதிரே கெட்டுப்போனதைப் பார்த்தவர். அப்படிப்பட்டவரின் கண்ணே மறுபடி உயரத்தில் போய் நின்றது. ஏழு பிள்ளைகள் வரிசையாக வந்து நிற்க, ஒருவர் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார். வேதத்தில் பெண் பார்க்கும் படலத்துக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி கிடைக்காது. தேர்ந்தெடுக்கிறவனுக்குச் சொன்ன கண்டனத்தைத் தள்ளப்பட்டவளுக்குத் தேறுதலாக மாற்றிக்கொண்டோம். அந்த அதிகாரத்திலேயே இன்னும் ஐந்து வசனம் தாண்டியதும், கடைசியில் தேர்ந்தெடுக்கப்பட்ட தாவீது அழகான கண்களும் நல்ல ரூபமும் உள்ளவன் என்று கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறது. அழகின்மேல் வேதத்துக்குப் பகை இல்லை.

லேயாளின் கதையும் இப்படியே திருகப்பட்டது. யாக்கோபு ராகேலின் அழகுக்காக ஏழு வருஷம் ஆடு மேய்த்தான். அவள் தகப்பன் லாபான் முதலிரவில் மூத்தவள் லேயாளைத் தள்ளிவிட்டான். தகப்பன் ஏமாற்றுக்குப் பயன்படுத்தினான், புருஷன் வேண்டாவெறுப்பாக வைத்துக்கொண்டான். பிள்ளைக்குப் பிள்ளை அவள் வைத்த பெயர்களைப் பாருங்கள். இனியாவது புருஷன் என்னை நேசிப்பான், இனியாவது என்னோடு சேர்ந்திருப்பான் என்கிற ஏக்கம்தான் அவை. நான்காவது மகன் யூதாவுக்கு வரும்போதுதான் புருஷனை விட்டுவிட்டுக் கர்த்தரைத் துதிக்கிறாள். அந்த யூதாவின் வம்சத்தில் தாவீது வந்தார், இயேசு வந்தார். ராகேல் வழியோரத்தில் அடக்கம்பண்ணப்பட்டாள். மக்பேலாக் குகையில் யாக்கோபு தன்னைக் கொண்டுபோய் வைக்கச் சொன்னது லேயாளைப் புதைத்த இடத்தில். பிரசங்கத்தில் இதெல்லாம் வரும். லேயாளே, கலங்காதே, உனக்கும் ஆசீர்வாதம் உண்டு என்று முடியும். யாக்கோபே, உன் கண்கள் ஒரு பெண்ணின் வாழ்க்கையை என்ன பாடு படுத்தின என்று கேட்கும் பிரசங்கத்தை நான் கேட்டதில்லை.

அடுத்தது பேதுரு. முதலாம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரம், பெண்களுக்காகவே எழுதப்பட்டது போல எடுத்தாளப்படுகிறது. தலைப்பின்னல், பொன்நகை, விலையுயர்ந்த உடை என்று மூன்றையும் பேதுரு ஒரே மூச்சில் சொல்கிறார். இவை அல்ல, சாந்தமான ஆவியே அலங்காரம் என்கிறார். நகையைக் கழற்றிய பிறகே ஞானஸ்நானம் என்கிற சபைகள் நம்மூரில் பல உண்டு. மனமுவந்து கழற்றியவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் பொன்னை விலக்கிய அதே சபையில் பின்னலுக்குத் தடையில்லை, காஞ்சிபுரம் பட்டுக்கும் தடையில்லை. கழுத்தில் பவுன் கூடாது. அதன் மதிப்பு வரதட்சணையாக வங்கிக் கணக்கில் ஏறலாம். அந்த அதிகாரத்தின் ஏழாம் வசனம் புருஷர்களுக்கு, மனைவிக்குக் கனம் கொடுக்காவிட்டால் உங்கள் ஜெபமே தடைப்படும் என்கிறது. வாசிப்பு பெரும்பாலும் ஆறாம் வசனத்தோடு நின்றுவிடும்.

வெளி அலங்காரம் அற்பம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதிலும் ஒரு மறதி இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டக்காரர்களாவது அதை மறக்கக் கூடாது. தென்திருவிதாங்கூரில் நாடார் கிறிஸ்தவப் பெண்கள் மார்பை மறைக்கத் தோள்சீலை அணிந்ததற்காகத் தெருவில் மறிக்கப்பட்டார்கள், அவர்களின் துணி கிழிக்கப்பட்டது. ஜெபவீடுகளுக்குத் தீ வைக்கப்பட்டது. 1820களில் தொடங்கிய போராட்டத்துக்கு 1859இல்தான் அரசாணை வந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. ஒரு முழத் துணிக்காக அடிபட்ட அந்தப் பாட்டிகளிடம் போய், கர்த்தர் உள்ளத்தை மட்டுமே பார்க்கிறார், உடையில் என்ன இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும்? அவர்களுக்குச் சுவிசேஷம் உள்ளத்தில் மட்டும் இறங்கவில்லை, தோளிலும் இறங்கியது. கடவுள் உடம்பை உண்டாக்கினார், உடம்பெடுத்து வந்தார், உடம்போடு எழுந்தார் என்று விசுவாசப் பிரமாணம் சொல்கிறவர்களுக்கு உடம்பு வெறும் உறை ஆகாது.

உடம்பு என்றதும் கிறிஸ்துவின் உடம்பும் வருகிறது. அடிமையாய் வருகிறவருக்குக் கவர்ச்சியான தோற்றம் எதுவும் இராது என்கிறது ஏசாயா 53. நம் வீட்டுச் சுவரிலும் வசனக் காலண்டரிலும் இருப்பவரோ தேன்நிறக் கூந்தலும் வெளிர்த் தோலும் உள்ளவர். உலகமெங்கும் கோடிக்கணக்கில் அச்சான அத்தகைய படங்களில் பெயர்பெற்றதை 1940இல் வரைந்தவர் வார்னர் சால்மன் என்ற அமெரிக்க ஓவியர். வெயிலில் நடந்து திரிந்த கலிலேயத் தச்சனை வெளுத்து வைத்துவிட்டோம். அந்தப் படத்துக்கு முன்னால் குடும்ப ஜெபம் செய்து வளர்ந்த பெண், கண்ணாடியில் தன் நிறத்தைப் பார்த்துக் குறுகினால் குற்றம் அவளுடையதா? கோவிலில் மணமகளின் கையைப் பிடித்து உடன்படிக்கை சொல்லும் நேரத்தில் கவனியுங்கள். முகம் ஒரு நிறம், கை வேறு நிறம். ஒப்பனைக்காரருக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து முகத்தை வெளுத்திருப்பார்கள். அதே பீடத்தில் சற்று நேரத்தில் நீதிமொழிகள் 31 வாசிக்கப்படும்: சௌந்தரியம் வஞ்சனையுள்ளது, அழகும் வீண் என்று!

பிடித்த முகத்தைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுவதும் பாவமா என்று கேட்பார்கள். இல்லவே இல்லை. உன்னதப்பாட்டு முழுவதும் உடலழகின் வர்ணனைதான். அதன் நாயகியோ வெயிலில் திராட்சத் தோட்டம் காத்துக் கறுத்தவள். அதைச் சொல்லிக்கொள்ளத் தயங்காதவள். ஒரு முகத்தைப் பார்த்து மயங்குவது ஆசை. முகத்தையே பார்க்காமல் 'சிவந்த நிறம்' என்று விளம்பரத்தில் நிபந்தனை போடுவதற்கு ஆசை என்று பெயரில்லை. (அதே விளம்பரத்தில் சாதியும் இருக்கும், அதைப் பேசத் தனிக் கட்டுரை வேண்டும்.)

சமூகம் அப்படி இருக்கிறது, சபை என்ன செய்யும் என்பது அடுத்த சமாதானம். பொட்டையும் பூவையும் சினிமாவையும் விலக்க முடிந்த சபைகளுக்கு இது மட்டும் முடியாதா? 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி முகப்பூச்சு, விமர்சனம் வலுத்ததும் 2020இல் பெயரிலிருந்த 'ஃபேரை' உதறியது. அதே ஆண்டு ஷாதி.காம் தன் திருமணத் தளத்திலிருந்த நிறத் தேர்வை எடுத்துவிட்டது. லாபத்துக்குக் கடை நடத்துகிறவர்களுக்கு வந்த கூச்சம்கூட நமக்கு வரவில்லை.

போதகர்மாரே, 1 சாமுவேல் 16ஐ இனி மாப்பிள்ளை வீட்டாருக்குப் பிரசங்கியுங்கள். பெண் பார்க்கப் போகிறோம், ஜெபித்து அனுப்புங்கள் என்று வந்து நிற்கும்போதே பிரசங்கியுங்கள். உங்கள் சபைத் திருமணத் தகவல் மையத்தின் படிவத்தில் 'நிறம்' என்று ஒரு கட்டம் இருந்தால், அடுத்த கமிட்டிக் கூட்டத்திலேயே அதை அடித்துவிடுங்கள்.