தேய்த்துவிடாதீர்கள்!

நகைக் கடையில் 'சவரன்' என்கிறோமே, அதன் மூலபுருஷர் இங்கிலாந்துப் பொற்காசுதான். லண்டனில் ஒருவர் அதை விற்பதானால், எடை போடுமுன் குதிரைவீரன் பக்கத்தைப் பூதக் கண்ணாடியால் பார்ப்பது நல்லது. உதாரணமாக, 1917-ஆம் வருஷத்துக் காசு. வருஷத்துக்குச் சற்று மேலே 'எஸ்' இருந்தால் சிட்னி, 'பி' என்றால் பெர்த். இவை ஏராளம். நாலு வியாபாரிகளிடம் விலை கேட்டுக் கொடுத்துவிடலாம். தங்கத்தின் விலைக்கு மேல் அதிகம் வராது.

எழுத்தே இல்லையா? லண்டனில் அடித்தது! பெரும்பாலும் உருக்கப்பட்டுவிட்ட அபூர்வம். போலிகளும் உலாவுகின்றன, ஆகவே நிபுணரிடம் காட்டிவிட்டு ஏலத்துக்கு விடவேண்டும். கமிஷன் போகும், மாதங்களும் ஆகும். ஆனால் சேகரிப்போர் இருவர் மல்லுக்கு நின்றால் எடைக் கணக்கெல்லாம் பறந்துபோகும்.

ஒன்று: பூந்திக்கொட்டை போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், அம்மா! நமக்குப் பளபளப்பு அழகு. தேய்த்த காசென்று கண்டால் சேகரிப்போர் விலையைக் குறைத்துவிடுவார்கள்.